மூடிய தியேட்டரில் மிஞ்சியவை: ரீலா, கணக்கேடா, எதை முதலில் காப்பது?

சிற்றூரில் ஒரு தியேட்டர் மூடப்படுகிறது. கட்டடம் கைமாறியாயிற்று, இடிக்க நாளும் குறித்தாயிற்று. ஆபரேட்டர் ரூமில் துருப்பிடித்த டப்பாக்கள், மெஷின், மரப்பெட்டியில் அடுக்கிய கண்ணாடி ஸ்லைடுகள். மேனேஜர் அறை பீரோவில் கட்டுக்கட்டாகக் கணக்கு நோட்டு, டிக்கெட் அடிக்கட்டை, சுருட்டி வைத்த போஸ்டர். காப்பாற்ற முன்வந்திருப்பவர்கள் நாலைந்து பேர். கையில் இருப்பது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். இப்படியொரு நிலையில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற முதல் காரியம் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது. சினிமா என்றால் ஃபிலிம்தானே என்ற நினைப்பு.

நினைப்பில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. தியேட்டருக்கு வந்த ரிலீஸ் பிரிண்ட் பல பிரதிகளில் ஒன்று. கடைசிச் சுற்றில் சிற்றூருக்கு வந்து சேர்ந்த பிரதி என்றால் கீறலும் வெட்டும் ஒட்டுமாகத்தான் இருக்கும். அதே படம் இதைவிட நல்ல நிலையில் வேறெங்காவது இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எழுபது வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அந்தப் பீரோ நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. அதைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பத்திரிகை விளம்பரம், விமர்சனம் என்று தாள் வழியாக நம்மிடம் வந்ததுதான்.

ஆகவே நம் கட்சி இது: ஆட்களின் பேச்சும் தாளும் முதலில், ஃபிலிம் அடுத்து, மெஷின் கடைசியில். இதற்கு ஒரு விலக்கு உண்டு. டப்பாவுக்குள் இருப்பது மௌனப் படமாகவோ உள்ளூரிலேயே எடுத்த படமாகவோ இருந்தால் வரிசை தலைகீழாகிவிடும். 1912 முதல் 1929 வரை வந்த அமெரிக்க மௌனக் கதைப்படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் முதலில் வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்து ரீல் ஒன்று கிடைத்தால் அதுவே உலகின் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

கனடாவின் டாசன் சிட்டியில் அதுதான் நடந்தது. விநியோகச் சங்கிலியில் அது கடைசி ஊர். திருப்பி அனுப்பும் கூலி படத்தின் மதிப்பைவிட அதிகம் என்பதால் விநியோகஸ்தர்கள் பெட்டிகளைக் கேட்கவில்லை. தேங்கிப்போன ரீல்களை 1929இல் ஒரு நீச்சல் குளத்தில் கொட்டி மூடி, மேலே பனிச்சறுக்குத் தளம் போட்டார்கள். 1978இல் மண் தோண்டும் இயந்திரம் அவற்றை வெளியே கொண்டுவந்தது. 533 ரீல்கள், பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. உறைமண்தான் அவற்றைக் காத்தது.

டப்பாவைத் திறக்கும் முன்

எந்த முடிவும் ஃபிலிம் எந்தப் பொருளால் ஆனது என்பதில் தொடங்குகிறது. மூன்று வகை: நைட்ரேட், அசிட்டேட், பாலியெஸ்டர். 35 மி.மீ. படங்கள் 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலும் நைட்ரேட். அதன்பின் அசிட்டேட். 1990களிலிருந்து ரிலீஸ் பிரிண்ட்டுகள் பாலியெஸ்டருக்கு மாறின. 16 மி.மீ., 8 மி.மீ. போன்ற சிறிய அளவுகள் தொடக்கம் முதலே தீப்பிடிக்காத ஃபிலிமில் வந்தவை என்பதால் அவற்றில் நைட்ரேட் பயம் இல்லை.

மூக்குதான் முதல் கருவி. வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட், அதுவும் கெட ஆரம்பித்தது. மூக்கைத் துளைக்கும் காரநெடியும், டப்பாவின் உள்பக்கம் மேலே பழுப்புத் துருவும் இருந்தால் நைட்ரேட் என்று சந்தேகப்பட வேண்டும். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், பாலியெஸ்டர் சுருளின் ஊடே வெளிச்சம் தெரியும். அசிட்டேட் சுருள் இருண்டு கிடக்கும்.

அடுத்து ஓர எழுத்து. ஃபிலிமின் ஓரத்தில் நைட்ரேட் என்றோ சேஃப்டி என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுவது. சேஃப்டி என்ற சொல் கண்ணில் பட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். தெளிந்த ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தால் அது இந்த ஃபிலிமின் சொந்த எழுத்து. கறுத்த ஓரத்தில் வெள்ளை எழுத்தாக இருந்தால், நெகட்டிவின் ஓரத்திலிருந்து பிரிண்ட் போடும்போது கூடவே பதிந்து வந்தது; கையில் உள்ள ஃபிலிமைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. கோடாக் ஃபிலிமில் எழுத்துக்கு அருகே வட்டம், சதுரம், முக்கோணம் என ஆண்டுக் குறியும் இருக்கும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். வட்டம் மட்டும் இருந்தால் 1916, 1936, 1956, 1976 நான்கில் ஒன்று. எது என்பதைப் படத்தின் உடையும் ஒலித்தடமும் சொல்லும். ஒலித்தடமே இல்லாமல் ஓர் ஓரத்து ஓட்டையிலிருந்து மறு ஓரத்து ஓட்டை வரை முழு அகலத்துக்குப் படம் இருந்தால் மௌனப் படம் என்பதற்கு வலுவான அடையாளம்.

துண்டு வெட்டி நெருப்பு வைத்துப் பார்ப்பது, ரசாயனத்தில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று சோதிப்பது இரண்டும் பழைய புத்தகங்களில் உண்டு. இரண்டும் வேண்டாம். நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்கடியிலும் எரியும். தீயைவிடப் புகை மோசம். 1929இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு மருத்துவமனையில் நைட்ரேட் எக்ஸ்ரே ஃபிலிம் எரிந்து 123 பேர் இறந்தார்கள். பலரைக் கொன்றது விஷவாயு.

நைட்ரேட் கெடுவதை ஐந்து நிலையாகப் பிரிப்பது வழக்கம். முதலில் படம் மஞ்சள் பாய்ந்து மங்கும். பிறகு பிசுபிசுக்கும். மூன்றாவது நிலையில் குமிழியும் தேன் போன்ற கசிவும் வரும். நான்காவதில் சுருள் முழுதும் ஒரே கட்டியாக இறுகும். ஐந்தாவதில் பழுப்புத் தூள். முதல் இரண்டு நிலையில் படத்தைப் பிரதி எடுத்துவிடலாம். மூன்றாவதில் சில பகுதிகள் மட்டும் தேறும். மூன்றைத் தாண்டியதைப் பிரித்துப் பார்க்காமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துத் தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி. டப்பாவைக் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி மூடுவது பெரிய தவறு. வெளியேற வேண்டிய அமில வாயு உள்ளேயே தங்கி ஃபிலிமை இன்னும் வேகமாகத் தின்னும்.

ஃபிலிமுக்கு மூன்று வழி

இங்கேயே வைத்துக்கொள்ளலாம், ஸ்கேன் செய்யலாம், ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று பேசப்படுகின்றன. நடைமுறையில் ஃபிலிமின் வகைதான் வழியைத் தீர்மானிக்கிறது.

நைட்ரேட்டுக்கு ஒரே வழிதான்: காப்பகம். வீட்டிலோ நூலகத்திலோ சங்கக் கட்டடத்திலோ வைக்கக் கூடாது. தபாலிலும் சாதாரணப் பார்சலிலும் அனுப்பவும் முடியாது. சரக்குப் போக்குவரத்து விதிகளில் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். அதற்கென உரிமம் உள்ளவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். காப்பகத்துக்குத் தகவல் சொன்னால் ஏற்பாட்டை அவர்களே சொல்வார்கள்.

பாலியெஸ்டருக்கு அவசரமே இல்லை. கெமிக்கலாகக் கெடாது, கையால் இழுத்தால் அறவும் அறாது. வெயில் படாத வறண்ட அறையில் படுக்கை வாட்டில் வைத்தால் போதும். பத்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குச் செலவிடாதீர்கள்.

சிக்கல் அசிட்டேட்டில்தான், கிடைப்பதில் பெரும்பகுதியும் அதுதான். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் புதிய அசிட்டேட் ஃபிலிம் வினிகர் நோய் தொடங்கச் சுமார் 40 ஆண்டு எடுக்கும் என்பது கணக்கு. தொடங்கிய பிறகு, வெளிவரும் அமிலமே மேலும் அமிலத்தை உண்டாக்கும் என்பதால் சில ஆண்டிலேயே ஃபிலிம் சுருங்கி, நெளிந்து, படப்பூச்சு உரியும். நோயுள்ள டப்பாவை நல்ல டப்பாவோடு ஒரே அலமாரியில் வைத்தால் நல்லதும் கெடும். எவ்வளவு முற்றியது என்று பார்க்க அமிலத்தைக் காட்டும் காகிதப் பட்டைகள் உண்டு. டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்து மூடி எடுத்தால் நீலம் அப்படியே இருக்கும், அல்லது பச்சைக்கோ மஞ்சளுக்கோ மாறியிருக்கும். நீலமென்றால் குளிர்ந்த அறை போதும். பச்சை கண்டால் வரிசையில் முன்னே நகர்த்துங்கள். மஞ்சள் என்றால் உடனே உறைகுளிரில் வைக்க வேண்டும், கிடைத்த முதல் வாய்ப்பில் பிரதி எடுக்க வேண்டும்.

உறைகுளிர் என்பதற்குப் பெரிய கிடங்கு தேவையில்லை. சாதாரண ஃப்ரீசர் போதும், கட்டும் விதம்தான் முக்கியம். சுருளை முதலில் வறண்ட அறையில் வைத்து ஈரம் குறைத்து, டப்பாவோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி மூடி, ஈரப்பதம் காட்டும் அட்டையை வைத்து, இன்னொரு பையில் போட்டு மூட வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஒரு நாள் முழுதும் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த ஃபிலிமில் நீர் முத்துமுத்தாகப் படியும். பல வருடக் காவல் அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடும்.

இனி ஸ்கேன். தியேட்டர் மெஷினிலேயே ஓட்டித் திரையை மொபைலில் பிடித்துவிடலாம் என்பது அடிக்கடி வரும் யோசனை. செய்யாதீர்கள். ஷட்டரும் கேமராவும் ஒத்துப்போகாமல் திரை மினுக்குவது சின்னக் குறை. சுருங்கிய ஃபிலிமின் ஓட்டையை, அதை இழுக்கும் சக்கரத்தின் ஸ்பிராக்கெட் பல் கிழிப்பதுதான் பெரிய ஆபத்து. சுருக்கத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும். 35 மி.மீ. ரிலீஸ் பிரிண்ட்டில் அடுத்தடுத்த 100 கட்டம் (ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும் ஒரு கட்டம்) சுருங்காமல் இருந்தால் 1900 மி.மீ. நீளம் வரும். 1881 மி.மீ. என்றால் 1 சதவீதச் சுருக்கம். அதற்கு அருகே வந்த எதையும் மெஷினில் ஏற்றக் கூடாது. ஸ்பிராக்கெட் பல் இல்லாமல் உருளையால் மட்டும் இழுக்கும் ஸ்கேனர்தான் அதற்கு வழி.

எந்தத் தரத்தில்? தேய்ந்த ரிலீஸ் பிரிண்ட்டுக்கும் 16 மி.மீ. படத்துக்கும் 2கே, அதாவது அகலவாட்டில் சுமார் 2000 புள்ளி, போதும். நெகட்டிவ், மௌனகாலப் பிரிண்ட், வேறு பிரதி இல்லாதது என்றால் 4கே. இடையில் வரும் பூதம் கொள்ளளவு. சுருக்காமல் வைத்தால் 2கேயில் ஒரு கட்டம் சுமார் 12.7 மெகாபைட். வினாடிக்கு 24 கட்டம் எனில் 90 நிமிடப் படம் 1.65 டெராபைட் ஆகும். 4கேயில் நான்கு மடங்கு, 6.6 டெராபைட். அதை மூன்று பிரதியாக இரண்டு வேறு ஊரில் வைக்க வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பும் கெடவில்லை என்று சரிபார்க்க வேண்டும், கோப்புகளைச் சேமிக்கும் டேப் டிரைவின் தலைமுறை மாற மாற எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 போன்ற முறைகள் அளவைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் வேலையைக் குறைக்காது. ஒரு நீலப்பட்டை அசிட்டேட் ரீல் குளிரில் சும்மா கிடந்து நூறாண்டு தாண்டும். ஹார்டு டிஸ்க்கைச் சும்மா விட்டால் அடுத்த முறை திறக்காமலே போகலாம். ஸ்கேன் செய்துவிட்டோமே என்று ஃபிலிமைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டைக் காட்ட வேண்டும்.

ஸ்கேனுக்கு அனுப்பும்போது இரண்டு சொல்லுங்கள். ஓட்டையும் ஓரமும் தெரியும்படி முழு அகலத்துக்கு எடுக்க வேண்டும், ஒட்டும் ஓர எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை என்று தோன்றினாலும் வண்ணத்தில் எடுக்க வேண்டும். மௌனகாலப் பிரிண்ட்டுகளில் இரவுக் காட்சிக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று சாயம் தோய்த்திருப்பார்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது போச்சு.

பத்து நாள் மட்டுமே இருப்பவர்களுக்கு ஸ்கேனைவிட உபயோகமான வேலை ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் அடையாளச் சீட்டு. டப்பா எண், டப்பா மேல் எழுதியிருப்பது, அளவு, வகை, நெடி, ஒலித்தடம் உண்டா, பாசிட்டிவா நெகட்டிவா, நீளம். நீளத்துக்கு ஃபிலிமை விரிக்க வேண்டாம். 35 மி.மீ. சுருள் 25 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 1000 அடி, 35 செ.மீ. என்றால் 2000 அடி. 1000 அடி பேசும் படத்தில் 11 நிமிடம், 16 கட்ட வேகத்து மௌனப் படத்தில் 16 நிமிடத்துக்கு மேல். பருத்திக் கையுறையோடு முதல் சில அடிகளை மட்டும் லைட் பாக்ஸ் மேல் பிரித்து, தலைப்பும் ஐந்தாறு கட்டமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டோடு போகும் கடிதத்துக்குக் காப்பகம் பதில் சொல்லும். 'எங்களிடம் பழைய ரீல் நாற்பது இருக்கிறது' என்ற கடிதம் அடுக்கில் கிடக்கும்.

காப்பகத்துக்கும் குறை உண்டு. தங்களிடம் ஏற்கெனவே நல்ல பிரதி இருந்தால் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் ஸ்கேன் முறை வர வருடங்கள் ஆகலாம். முழு உரிமையாகக் கொடுப்பதும் பாதுகாக்க ஒப்படைப்பதும் வேறு வேறு ஒப்பந்தங்கள். ஊர்க்காரர்கள் பார்க்க ஒரு பார்வைப் பிரதி உண்டா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ரீல் கையில் இருப்பதால் படத்தின் காப்புரிமை கையில் இருப்பதாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உள்ளூரில் எடுத்த படம் இருந்தால் காப்பகத்திடம் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் 1994இல் ஒரு கடையின் நிலவறையில் மூன்று உலோகப் பீப்பாய்களில் 800க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் கிடைத்தன. மிட்செல், கென்யன் என்ற இருவரின் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தவை. ஆலை வாசலில் வேலை விட்டு வரும் கூட்டத்தை எடுத்து, 'உங்களையே திரையில் பாருங்கள்' என்று அந்த ஊரிலேயே காட்டிக் காசு பார்த்தார்கள். அன்றைக்கு அது மலிவுச் சரக்கு. இன்று அந்தக் காலத்துச் சாதாரண மக்களின் முகமும் நடையும் அசைந்து தெரியும் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று.

கணக்கு நோட்டு என்ன சொல்லும்

டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் அறிக்கையின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். தேதி, காட்சி, வகுப்பு, டிக்கெட் தொடக்க எண், முடிவு எண், விற்றது, வசூல், வரி, விநியோகஸ்தர் பங்கு. தரை வகுப்புக்கு 40211இல் தொடங்கி, அடுத்த காட்சி 40358இல் தொடங்கினால் அந்தக் காட்சிக்குத் தரையில் 147 பேர். இதையே ஒரு வருடத்துக்குச் செய்தால் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தக் கிழமை கூட்டம், எந்த மாதம் காலி, மலிவு வகுப்பு நிரம்பி உயர்ந்த வகுப்பு காற்று வாங்கிய நாள் எது என்று எல்லாம் வெளியே வரும். குறிப்புக் கட்டத்தில் 'கரண்ட் இல்லை, இரண்டாவது ஆட்டம் ரத்து' என்று கிறுக்கியிருப்பார்கள். அந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேறில்லை. செலவு நோட்டில் கார்பன் குச்சி வாங்கிய கணக்கு நின்று ஜெனான் பல்பு வரும் தேதிதான் மெஷினின் விளக்கு மாறிய தேதி.

பீரோவைக் காலி செய்யும் முன் ஒவ்வொரு தட்டையும் இருந்தபடி படம் எடுங்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான். பூஞ்சை பிடித்திருந்தால் என்95 முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். நனைந்த நோட்டை வெயிலில் காயவைத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். உடனே கவனிக்க ஆளில்லை என்றால் பையில் போட்டு உறையவைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள். செலோடேப்பை உரிக்காதீர்கள், தாளும் கூடவே வரும்.

பிளாட்பெட் ஸ்கேனரா, கேமராவா? தைத்த நோட்டுக்குக் கேமராதான். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும், பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாது. கேமராவை நேர் மேலே பொருத்தி, இருபுறமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு வைத்து, ஒருவர் பக்கம் புரட்ட ஒருவர் எடுத்தால் நிமிடத்துக்கு மூன்று நான்கு பக்கம் போகும். 24 மெகாபிக்சல் கேமரா நீளவாட்டில் 6000 புள்ளி தரும். 33 செ.மீ. உயர நோட்டுக்கு அங்குலத்துக்கு 460 புள்ளி வரை கிடைக்கிறது, கையெழுத்துக்குத் தாராளம். தனித்தாள், டிக்கெட், ஸ்டில் இவற்றுக்கு ஸ்கேனர் நல்லது. சின்ன ஸ்டில்லை 600 புள்ளியில் எடுத்து, மூலக்கோப்பாக டிஃப் வடிவில் வையுங்கள்.

போஸ்டரில் கணக்கு மாறுகிறது. 30க்கு 40 அங்குலப் போஸ்டரை அதே கேமராவில் ஒரே ஷாட்டாக எடுத்தால் அங்குலத்துக்கு 133 புள்ளிதான் தேறும். பார்க்க, பட்டியலிட அது போதும். அச்சிட வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பத்துப் பன்னிரண்டு துண்டாக எடுத்து இணைக்க வேண்டும். இருநூறு போஸ்டர் இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் துண்டு துண்டாக எடுக்க முயன்று முப்பதோடு நிற்பதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரு ஷாட் எடுத்துவிட்டு அபூர்வமான பத்தைப் பிறகு பார்ப்பது மேல். லேமினேஷன் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, அது திரும்பப் பிரிக்க முடியாத தண்டனை. பிவிசி உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டையும்தான்.

கண்ணாடி ஸ்லைடுகள் எளிது. இடைவேளையில் காட்டிய கடை விளம்பரம், 'அமைதி காக்கவும்', 'விரைவில் வருகிறது' எல்லாம் அதில்தான். லைட் பாக்ஸ் மேல் வைத்து மேக்ரோ லென்ஸில் எடுக்கலாம். படப்பூச்சு உள்ள பக்கத்தில் ஈரத்துணி படக் கூடாது. அடுக்கும்போது படுக்க வைக்காமல் நீண்ட விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். விரிசல் விட்டதை மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவே படுக்க வையுங்கள்.

மெஷின்

புரொஜெக்டர் மேல் எல்லோருக்கும் மையல். ஓட்டிக் காட்டுவதா, ஓடாமல் வைப்பதா, உதிரியாகக் கொடுப்பதா என்பதில் நம் ஓட்டு இரண்டாவதுக்கு. ஓட்ட வேண்டுமானால், ஃபிலிமைக் கட்டம் கட்டமாக நகர்த்தும் இன்டர்மிட்டன்ட் பெட்டியில் இறுகிய எண்ணெயைக் கழுவி, புதிய எண்ணெய் விட்டு, முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எடுத்ததும் மோட்டாரைப் போட்டால் அதற்குள் இருக்கும் மால்டீஸ் கிராஸ் சக்கரம் உடையும், அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியே ஓடினாலும் அரிய பிரதியை அதில் ஏற்றக் கூடாது.

இரண்டு மெஷினை மொட்டையாக வைப்பதைவிட ஒன்றை முழுசாக வையுங்கள்: லேம்ப் ஹவுஸ், ஆம்ப்ளிஃபையர், ரீவைண்டர், ஸ்ப்ளைசர், எரிந்து மீந்த கார்பன் துண்டு, சீரியல் தகடு வரை. கழற்றும்போது நான்கு ஆபத்து. பழைய லேம்ப் ஹவுஸ் ஒயரிலும் அறைச் சுவர் அட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் கண்ணாடிக் குமிழ் ரெக்டிஃபையரில் பாதரசம். ஜெனான் பல்பு குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கும். உறையோடு, முகக்காப்போடு எடுக்க வேண்டும். நான்காவது, எடை. பீடத்தோடு சேர்த்துத் தூக்கப் பார்த்து முதுகைப் போட்டுக்கொண்டவர்கள் நிறைய.

ஆபரேட்டர் ரூமில் கண்ணில் படாமல் போவது ஒன்று இருக்கிறது. ஒளி போகும் ஓட்டைகளின் மேல் இரும்புத் தகடு ஒரு கம்பியில் தொங்கும். நடுவே சீக்கிரம் உருகும் உலோகத் துண்டு. உள்ளே தீப்பிடித்தால் அது உருகித் தகடு தானே விழுந்து ஓட்டையை அடைக்கும், தீயும் புகையும் பார்வையாளர் பக்கம் போகாது. நைட்ரேட் காலத்தின் பயத்தைக் கட்டடத்திலேயே காட்டும் சான்று இதுதான். ஒரு தகட்டைக் கம்பியோடு கழற்றி எடுங்கள், கழற்றும் முன் இருந்த இடத்தில் அளந்து படம் எடுங்கள்.

பேச்சும் கட்டடமும்

உரிமையாளரைப் பேட்டி எடுக்க எல்லோரும் போவார்கள். டிக்கெட் கொடுத்தவர், போஸ்டர் ஒட்டியவர், படப்பெட்டி சுமந்தவர், கூட்டிப் பெருக்கியவர் இவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வயதானவர்கள் என்பதால் இதற்குத்தான் முதல் நாள். வீடியோவா ஆடியோவா என்றால் பொதுவாக ஆடியோ: கேமரா முன்னே வைத்ததும் பலர் மேடைப் பேச்சுப் பேசுவார்கள். கையால் செய்து காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ. கார்பன் இடைவெளியைச் சரிசெய்வது, ரீல் மாற்றும் புள்ளி பார்ப்பது, ஒட்டுப் போடுவது எல்லாம் ஆபரேட்டர் ரூமிலேயே, மெஷின் கழற்றும் முன். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, இரண்டு சேனலில் மணிக்கு ஒரு கிகாபைட் ஆகும். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்ற பதில்தான் வரும். டி.சி.ஆர். பக்கத்தை, ஸ்லைடைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், பெயரும் தேதியும் தானாக வரும். பேசியதை எங்கே வைக்கலாம், யார் கேட்கலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு அளவு டேப்பும் கோட்டோவியமும் ஒரு நாள் வேலை. முப்பரிமாண மாதிரிக்கு ஒவ்வொரு படமும் முந்தையதோடு முக்கால் பங்கு ஒன்றும்படி எடுத்து வைத்தால் பிறகு யாராவது கட்டிக்கொள்ளலாம். இரண்டும் செய்ய நேரமில்லை என்றால் டேப். திரையின் அகலம், ஒளி போகும் ஓட்டையிலிருந்து திரைக்கு உள்ள தூரம், சாய்வு, ஒவ்வொரு வகுப்பின் எல்லை, தனித்தனி வாசல்கள்.

எங்கே சேர்ப்பது

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற ஆசை இயல்பு, ஆனால் பொருளுக்கேற்பப் பிரிப்பதே பாதுகாப்பு. ஃபிலிம் குளிர்க்கிடங்கு உள்ள காப்பகத்துக்கு. தாளின் மூலம், சம்பள ஆள் இருந்து தினமும் திறக்கும் அருகிலுள்ள பொது நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ. கோப்புகள் இரண்டு இடத்துக்கும், மூன்றாவது பிரதி வேறோர் ஊருக்கும். சேகரிப்பாளர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள், நன்றாகவும் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் காலத்துக்குப் பின் அது ஏலத்தில் துண்டு துண்டாகும். இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்பவர்கள் அந்தத் தளம் மூடும் நாளை யோசிப்பதில்லை. இணையம் காட்டுவதற்கு மட்டும்.

இருக்கை, ஸ்பீக்கர், டிக்கெட் கவுன்டர் கம்பி எல்லாவற்றையும் எடுக்க இடம் கிடைக்காது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஓர் இருக்கையை எண் தகட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள், பெஞ்சு இருந்தால் பெஞ்சும். மற்றவற்றை வரிசை வரிசையாகப் படம் எடுத்துவிட்டுப் பழைய சாமான் வண்டிக்கு விடலாம். வண்டி வரும் முன் இருக்கைகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். பிளவில் செருகிய டிக்கெட்டும் நோட்டீஸும் அங்கேதான் கிடக்கும்.